ஊசி நடுவில்தான் நின்றது

2000-ஆம் ஆண்டு ஜூலை 29, இரவு. ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட போயிங் 767 விமானம் ஒன்று சமோவாவின் ஃபலேயோலோ விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே கடல், நல்ல இருட்டு. இறங்குபாதையைக் காட்டும் ஊசி கச்சிதமாக நடுவில் நின்றது. எச்சரிக்கைக் கொடி எதுவும் எழவில்லை. ஆட்டோபைலட்டும் ஊசியை நம்பி விமானத்தைக் கீழே கொண்டுவந்தது. ஆனால் தூரம் காட்டும் கருவியின் எண்ணுக்கும் உயரமானிக்கும் கணக்கு ஒட்டவில்லை. தீவின் விளக்குகள் இருக்கக்கூடாத இடத்தில் தெரிந்தன. விமானிகள் இறக்கத்தைக் கைவிட்டு மேலே ஏறினார்கள். அப்போது ஓடுபாதைக்கு இன்னும் ஐந்தரைக் கடல் மைல், அதாவது பத்து கிலோமீட்டர் பாக்கி. அந்த இடத்தில் விமானம் சுமார் 1,750 அடி உயரத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 400 அடிக்கும் கீழே.

விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. தரையிலிருந்த சாய்வுப்பாதை ஒலிபரப்பி, கண்காணிப்பு துண்டிக்கப்பட்ட நிலையில் விடப்பட்டிருந்தது. அது அனுப்பிய அலை பாதி அலைதான். அந்தப் பாதி அலை, விமானம் வானத்தில் எங்கே இருந்தாலும் "சரியாக வந்துகொண்டிருக்கிறாய்" என்றே சொல்லும்.

அந்தப் பயணத்தின் பதிவுக் கருவியிலிருந்து "பாதையிலிருந்து விலகல்" என்ற ஒரு வரிசையை மட்டும் உருவி ஒரு புள்ளியியலாளரிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விலகல் பூச்சியம். அந்த ஆண்டின் மிகத் துல்லியமான இறக்கங்களில் ஒன்றாக அது பட்டியலில் ஏறியிருக்கும். கருவிகளை நம்பி இறங்கும் விமானங்களின் துல்லியத்தை அளப்பதில் உள்ள முதல் சிக்கல் இதுதான். எதை வைத்து அளக்கிறோம்?

ஊசி என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஐஎல்எஸ் என்று விமானத் துறையினர் எல்லோரும் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1938 ஜனவரி 26 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பனிப்புயலுக்கு நடுவே ஒரு பயணிகள் விமானம் இதை நம்பித் தரையிறங்கியது. அடிப்படை இன்றும் ஏறக்குறைய அதேதான். ஓடுபாதையின் மறுகோடிக்கு அப்பால் நிற்கும் லோக்கலைசர் ஆண்டெனா, 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகளை ஏந்திய அலையை அனுப்புகிறது. இறங்கிவரும் விமானம் மையக்கோட்டுக்கு இடப்பக்கம் ஒதுங்கினால் 90 ஓங்கி ஒலிக்கும். வலப்பக்கம் ஒதுங்கினால் 150. இரண்டும் சமமாகக் கேட்டால் நடுவில் இருக்கிறோம் என்று பொருள். ஓடுபாதையின் ஓரத்தில் நிற்கும் இன்னோர் ஆண்டெனா இதே வித்தையை மேல்-கீழாகச் செய்து, வழக்கமாக 3 பாகை சாய்வில் ஒரு பாதை போட்டுத் தருகிறது. அதற்குப் பெயர் கிளைடு ஸ்லோப். சமோவாவில் நடந்தது இப்போது புரியும். இரண்டு தொனிகளுக்கும் வேறுபாட்டை உண்டாக்கும் அலைப்பகுதி வரவே இல்லை. வேறுபாடு இல்லையென்றால் ஊசிக்கு அது "நடு".

இந்த ஊசி காட்டுவது கோணம்; மீட்டர் கணக்கு அதற்குத் தெரியாது. இந்த விஷயத்தை விட்டுவிட்டு ஐஎல்எஸ் துல்லியத்தைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை. லோக்கலைசரை அமைக்கும்போது, ஓடுபாதையின் தொடக்கத்தில் ஊசி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடுவதற்கு 210 மீட்டர் அகலம் இருக்கும்படி சரிசெய்கிறார்கள். நடுவிலிருந்து ஒரு பக்கம் 105 மீட்டர். ஊசிப் பலகையில் அந்தத் தூரத்துக்கு இரண்டு புள்ளிகள். ஆக, ஒரு புள்ளி விலகல் என்றால் அந்த இடத்தில் சுமார் 52 மீட்டர். பெரிய விமான நிலையங்களின் ஓடுபாதை வழக்கமாக 45 மீட்டர் அகலம். அதில் பாதி இருபத்திரண்டரை மீட்டர். ஓடுபாதையின் வாசலில் ஒரு புள்ளி விலகி நின்றால் சக்கரம் புல்லில்தான் இறங்கும். அதே ஒரு புள்ளி, 18 கிலோமீட்டர் முன்னால் எவ்வளவு? ஓடுபாதை 3,600 மீட்டர் நீளம், ஆண்டெனா அதற்கப்பால் 300 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 295 மீட்டர். ஊசி அசைந்தது ஒரே அளவு. விமானம் விலகியது ஐந்தரை மடங்குக்கும் மேல். கிளைடு ஸ்லோப்பிலும் இதே கதை. ஒரு புள்ளி 0.35 பாகை. 200 அடி உயரத்துக்கு வந்த பிறகு அது வெறும் 7 மீட்டர். 18 கிலோமீட்டரில் 110 மீட்டர்.

200 அடி என்று சும்மா சொல்லவில்லை. முதல் வகை ஐஎல்எஸ் இறக்கத்தில் விமானி முடிவெடுக்க வேண்டிய உயரம் அது. அதற்குள் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படவில்லையென்றால் மேலே ஏறிவிட வேண்டும். ஓடுபாதையில் பார்வைத் தூரமும் பொதுவாக 550 மீட்டருக்குக் குறையக்கூடாது. போகி காலையில் சென்னையில் டயரும் பழைய பாயும் எரிந்த புகை பனியோடு கலந்து மீனம்பாக்கத்தை மூடும்போது விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிடப்படுவது இந்தக் கணக்கால்தான். இரண்டாம் வகையில் முடிவு உயரம் 100 அடி, பார்வைத் தூரம் 300 மீட்டர். மூன்றாம் வகைக்குப் போனால் கிட்டத்தட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குவதுதான்.

விமானம் உண்மையான மையக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்பது மூன்று பிழைகளின் கூட்டு. அலையே கொஞ்சம் வளைந்திருக்கலாம். விமானத்திலுள்ள அலைவாங்கி தவறாகப் படிக்கலாம். விமானியோ ஆட்டோபைலட்டோ ஊசியை நடுவில் நிறுத்தத் தவறலாம். இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால் நேராகக் கூட்டக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அலைப்பிழை 30 மீட்டர், ஓட்டும் பிழை 40 மீட்டர் என்றால் மொத்தம் 70 ஆகாது, 50. பள்ளிக்கூடத்துச் செங்கோண முக்கோணம்தான். "தொடர்பில்லாதவை என்றால்" என்ற நிபந்தனையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலைப்பிழையை அளக்கத் தனி விமானங்கள் இருக்கின்றன. இந்திய விமான நிலைய ஆணையத்தின் சோதனைப் பறப்புப் பிரிவு டெல்லியின் சஃப்தர்ஜங்கிலிருந்து இயங்குகிறது. இரட்டை எஞ்சின் சிறு விமானம் ஒன்று ஒரே ஓடுபாதையை நோக்கித் திரும்பத் திரும்ப வந்து, இறங்காமலே போய்க்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் இந்த வேலையாகத்தான் இருக்கும். முற்காலத்தில் இதற்கு ஓர் ஆள் தரையில் தியோடலைட்டை வைத்துக்கொண்டு நிற்பார். நில அளவையாளர்கள் வைத்திருப்பார்களே, அதே கருவி. விமானம் இறங்கிவர வர, தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியை விமானத்தின் மேலேயே வைத்துக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் காணும் கோணம் ஒரு பக்கம், விமானத்துக்குள் ஊசி சொல்லும் கோணம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அலையின் பிழை. மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். பிறகு லேசர் வந்தது. இப்போது தரை நிலையத்தின் திருத்தத்தோடு சில சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஜிபிஎஸ். கருவி எத்தனை மாறினாலும் விதி மாறவில்லை. அளவுகோல் ஐஎல்எஸ்ஸுக்கு வெளியிலிருந்து வர வேண்டும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, லோக்கலைசரின் மையம் ஓடுபாதை வாசலில் எவ்வளவு நகர்ந்திருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது: முதல் வகைக்கு பத்தரை மீட்டர், இரண்டாம் வகைக்கு ஏழரை, மூன்றாம் வகைக்கு 3. சந்தையில் தராசுக்கு முத்திரை போடுவதைப் போல, அலைக்கு இப்படி முத்திரை விழுகிறது. ஆனால் முத்திரை விழுந்த தராசில் யாரும் விரலை வைக்கவில்லையா என்று யார் பார்ப்பது? அதற்குச் சோதனை விமானம் போதாது. அன்றாடம் பயணிகளை ஏற்றிவரும் விமானங்களையே, அவற்றுக்குத் தெரியாமல், ஆயிரக்கணக்கில் அளக்க வேண்டும்.

அப்படி அளக்கும் கட்டாயம் முக்கியமாக வந்தது அமெரிக்காவில், அதுவும் இணை ஓடுபாதைகளால். இரண்டு ஓடுபாதைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று பொருட்படுத்தாமல், மேகத்துக்குள்ளேயே விமானங்களை இறக்கலாமா? இறக்கலாம் என்றால் ஒரு மணி நேரத்தில் இறக்கக்கூடிய விமானங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். எனவே இடைவெளி எத்தனை அடி என்பது பெரும் பணக் கேள்வி. நெடுங்காலம் இருந்த பதில் 4,300 அடி, அதாவது 1,310 மீட்டர். நடுவில் 2,000 அடி அகலத்துக்கு யாரும் நுழையக்கூடாத பட்டை ஒன்று. மீதியை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு விமானத்துக்கும் உள்பக்கமாகக் கிடைப்பது 1,150 அடி, அதாவது 350 மீட்டர்.

மேலே போட்ட கணக்கை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். 18 கிலோமீட்டர் தொலைவில் ஒரு புள்ளி விலகல் 295 மீட்டர். ஊசி ஒரு புள்ளியைக் கொஞ்சம் தாண்டினாலே விமானம் தடைப்பட்டையைத் தொட்டுவிடும். தவறு செய்யாத விமானி ஒருவர், காற்றுக்கு ஒரு கணம் இடம் கொடுத்ததற்காக, கட்டுப்பாட்டாளர் பதறிப்போய்ப் பக்கத்து விமானத்தைத் திருப்பிவிட வேண்டியிருக்கும். துல்லியத்தை அளந்ததற்கு இதுவே நடைமுறைக் காரணம். மோதலைப் பற்றிய பயம் ஒரு பக்கம். பொய் எச்சரிக்கை அடிக்கடி வந்தால் மொத்த ஏற்பாடும் பயனற்றுப்போகும் என்ற கவலை இன்னொரு பக்கம். விமானங்களின் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் விசிறிபோல் இருக்கும்: ஓடுபாதையருகில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும், வெளியே போகப் போக விரியும். எந்தத் தூரத்தில் விசிறியின் ஓரம் பட்டையைத் தொடுகிறதோ, அதற்கு வெளியே இணை இறக்கம் சிரமம்.

நிஜமான தவறு நடந்தால் எவ்வளவு நேரம் இருக்கும்? திட்டமிடுபவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மோசமான காட்சி, ஒரு விமானம் திடீரென்று 30 பாகை திரும்பிப் பக்கத்துப் பாதையை நோக்கிப் போவது. வேகம் 150 நாட் என்றால் விநாடிக்கு 77 மீட்டர். 30 பாகையில் பக்கவாட்டு வேகம் அதில் பாதி. 1,310 மீட்டரைக் கடக்க 34 விநாடி. விமான நிலைய ரேடார் ஒரு சுற்றுச் சுற்ற 4.8 விநாடி. ஏழு சுற்றுக்குள் கட்டுப்பாட்டாளர் கவனித்து, நம்பி, பேசி, மறுமுனையில் விமானி கேட்டு, விமானத்தைத் திருப்பி முடித்திருக்க வேண்டும். இடைவெளியை 3,400 அடியாகக் குறைக்கலாமா என்று கேட்டபோது, வேகமாகப் புதுப்பிக்கும் ரேடார்களை மெம்ஃபிஸ், ராலே-டர்ஹாம் விமான நிலையங்களில் வைத்துச் சோதித்ததற்குக் காரணம் இந்த விநாடிக் கணக்குதான்.

ரேடாரால் அளப்பதிலும் ஒரு பிசகு உண்டு. அதன் கோணப் பிழை 0.1 பாகை என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் தொலைவில் அது 52 மீட்டர். நாம் காணும் விரிவில் விமானத்தின் பங்கு எது, ரேடாரின் பங்கு எது என்று பிரித்தாக வேண்டும். வானிலையையும் பிரிக்க வேண்டும். தெளிந்த வானில் ஓடுபாதை கண்ணில் பட்டவுடன் விமானி ஊசியைப் பார்ப்பதைக் குறைத்துவிடுகிறார். அந்த நாட்களின் தடங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஐஎல்எஸ் எவ்வளவு துல்லியம் என்ற கேள்விக்கு, கண் எவ்வளவு துல்லியம் என்ற பதில் வரும்.

இந்தத் துறையில் எனக்குப் பிடிக்காத ஒரு வழக்கம், சராசரியைப் பெருமையாகச் சொல்வது. சராசரி விலகல் இத்தனை மீட்டர் என்பதால் யாருக்கும் எதுவும் நடந்துவிடாது. பாதுகாப்பு இருப்பது ஓரத்தில், அபூர்வமாக வரும் அந்தப் பெரிய விலகலில். ஐஎல்எஸ் இறக்கத்தில் தடை எதிலாவது மோதும் வாய்ப்பு ஒரு கோடி இறக்கத்துக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச அமைப்பின் இலக்கு. 1970-களில் உண்மையான இறக்கங்களின் தரவைத் திரட்டி உருவாக்கிய மோதல் அபாய மாதிரியை அது 1980-இல் கையேடாக வெளியிட்டது. ஓடுபாதையைச் சுற்றி எந்தக் கோபுரம் எவ்வளவு உயரம் எழலாம் என்று பார்க்க அது உதவுகிறது.

ஒரு கோடிக்கு ஒன்று என்பதை எப்படி அளப்பது? ஆயிரம் இறக்கங்களைப் பார்த்து ஒன்றுகூடத் தவறவில்லை என்றால், அதிலிருந்து 95 சதவீத உறுதியுடன் சொல்லக்கூடியது "ஆயிரத்துக்கு மூன்றுக்கு மேல் இருக்காது" என்பது மட்டுமே. ஒரு கோடிக்கு ஒன்று என்று சொல்ல மூன்று கோடி இறக்கங்களை அளக்க வேண்டும். யாரால் முடியும்? எனவே கிடைத்த தரவுக்கு ஒரு வளைகோடு பொருத்தி, அதன் வாலை, அதாவது அபூர்வமான பெரிய விலகல்கள் விழும் ஓரத்தை, நீட்டிப் பார்க்கிறார்கள். எந்த வளைகோடு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. திட்ட விலக்கம், அதாவது நடுவிலிருந்து சிதறும் வழக்கமான அளவு, 10 மீட்டர் என்று வையுங்கள். மணி வடிவ இயல்நிலைப் பரவல் என்றால் ஒரு கோடியில் ஒன்று விழும் எல்லை 53 மீட்டர். வால் தடித்த இரட்டை அடுக்குக்குறிப் பரவல் என்றால் அதே எல்லை 114 மீட்டர். தரவின் நடுப்பகுதியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஓரளவு ஒத்துப்போவதுபோலத் தோன்றும். 1960-களில் அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களின் இடைவெளியை ஆராய்ந்த பிரிட்டிஷ் கணித வல்லுநர் பீட்டர் ரீச் காலத்திலிருந்தே வால் தடித்த வளைகோட்டின் பக்கம் இத்துறையினர் சாய்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரிய விலகல்கள், சிறிய விலகல்கள் வளர்ந்து பெரிதானவை அல்ல. அவை வேறு இனம். சிறிய விலகல் காற்றால் வரும். பெரிய விலகல், பக்கத்து ஓடுபாதையின் அலைவரிசையை வைத்துவிட்டதால் வரும்.

அதனால் தரவைச் சுத்தம் செய்யும் மேசையில் ஒரு சோதனை காத்திருக்கிறது. நாலாயிரம் தடங்களுக்கு நடுவே ஒரு தடம் மட்டும் எங்கோ போகிறது. ரேடார் கோளாறாக இருக்கும் என்று அழித்துவிடலாம், வரைபடம் அழகாகும். ஆனால் நாம் தேடி வந்ததே அந்த ஒரு தடமாக இருந்தால்?

ஆட்டோபைலட் இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதா? நடுப்பகுதியை அது அற்புதமாகச் சுருக்கியது. 1965 ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து பயணிகளோடு வந்த ட்ரைடென்ட் விமானம் லண்டன் ஹீத்ரோவில் தானாகவே தரைதொட்டது. இன்று தானியங்கித் தரையிறக்கத்துக்கு ஐரோப்பாவில் சான்று பெற வேண்டுமென்றால், ஓடுபாதை வாசலிலிருந்து 60 மீட்டருக்குள் சக்கரம் தொட்டுவிடும் வாய்ப்பு சராசரியாகப் பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் குறைவு என்று காட்ட வேண்டும். கையால் ஓட்டி இதை நெருங்க முடியாது. வாலை மட்டும் அது இன்னொரு இடத்துக்கு மாற்றி வைத்தது.

2011 நவம்பர் 3 அன்று ஜெர்மனியின் மியூனிக்கில் போயிங் 777 ஒன்று ஆட்டோபைலட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. தானியங்கித் தரையிறக்கம் கட்டாயம் என்று சொல்லும் அளவுக்கு வானிலை மோசமில்லை. ஆகவே ஆண்டெனாவைச் சுற்றியுள்ள பகுதியைக் காலியாக வைக்கும் கடுமையான ஏற்பாடும் அப்போது நடைமுறையில் இல்லை. அதே ஓடுபாதையிலிருந்து முன்னால் எழும்பிய சிறிய ஜெட் ஒன்று லோக்கலைசர் ஆண்டெனாவின் மேலாகப் பறந்தது. அலை கலைந்தது. ஆட்டோபைலட் கலைந்த அலையையும் விசுவாசமாகப் பின்பற்றி இடப்பக்கம் சாய்ந்தது. விமானம் இடப்புறப் புல்லில் இறங்கி, ஓடுபாதையைக் குறுக்காகக் கடந்து, வலப்புறப் புல்லில் போய் நின்றது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. முன்னே சொன்ன நிபந்தனை இங்கே உடைகிறது. அலைப்பிழையும் ஓட்டும் பிழையும் தொடர்பில்லாதவை என்று வர்க்கமூலம் எடுத்தோம். கையால் ஓட்டும் விமானி ஊசியின் திடீர்த் துள்ளலைச் சந்தேகித்து ஒரு கணம் தயங்குவார். இயந்திரம் தயங்காது. அலையின் பிழை முழுதாக விமானத்தின் பிழையாக மாறிவிடுகிறது.

செயற்கைக்கோள் வழி இறக்கங்கள் வந்த பிறகு அளப்பது மலிவாகிவிட்டது. விமானங்களே தம் இடத்தை விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகின்றன. தியோடலைட்டும் வேண்டாம், வாடகை ரேடாரும் வேண்டாம். லட்சக்கணக்கான தடங்கள் கணினியில் வந்து விழுகின்றன. ஆனால் அந்த இடம் விமானத்தின் ஜிபிஎஸ் சொன்ன இடம். பால்டிக் கடலோரத்திலும் மேற்காசியாவிலும் நடப்பதுபோல யாராவது போலி அலை பரப்பினால், வழிகாட்டியும் தவறும், அதைச் சரிபார்க்க வந்த அளவுகோலும் அதே அளவு தவறும்.

உயரத்தில் இதற்கு நிகரான ஒன்று 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் நடந்தது. அந்த ஓடுபாதையின் ஐஎல்எஸ் இயங்காததால் ஏர்பஸ் ஏ320 ஒன்று செயற்கைக்கோள் வழியில் மழைக்குள் இறங்கிவந்தது. அந்த முறையில் செங்குத்துப் பாதையை வகுப்பது காற்றழுத்த உயரமானி. கட்டுப்பாட்டாளர் 1001 என்று சொல்லியிருக்க வேண்டிய அழுத்தத்தை 1011 என்று சொன்னார். பத்து ஹெக்டோபாஸ்கல் வித்தியாசத்துக்கு சுமார் 280 அடி; உயரமானி காட்டியதைவிட விமானம் அவ்வளவு கீழே இருந்தது. விமானிகளின் திரையில் விலகல் எதுவும் இல்லை. திரையின் கணக்கில் பாதையிலேயே வந்துகொண்டிருந்தார்கள். ஓடுபாதை விளக்கு தென்படவில்லை என்று மேலே ஏறத் தொடங்கினார்கள். ஓடுபாதைக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால், தரையை நோக்கி அலை அனுப்பி நேராக அளக்கும் ரேடியோ உயரமானியில் பதிவான மிகக் குறைந்த எண் 6 அடி.